பெரிய மேடை பார்த்தவர்கள் சின்ன கிளப்பில் வாசித்தால் போய்ப் பார்க்கலாமா?

தம்பி, போங்கள். முதலில் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். அப்பா வைத்திருந்த கேசட்டில் ஒரு ராக் பேண்டைக் கேட்டு வளர்ந்தவர். அந்த பேண்டில் இருந்த இரண்டு பேர், இப்போது அறுபதைத் தாண்டியவர்கள், மூன்று இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு புதுப் பெயரில் புதுச்சேரிக்கு வருகிறார்கள். இடம் ஒரு சின்ன கிளப். நூறு பேர் நின்றால் மூச்சுமுட்டும். பழைய பாட்டு எதுவும் வாசிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தம்பியின் தயக்கம் இரண்டு. பழைய பாட்டு இல்லாமல் அவர்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? அப்புறம், ஒரு காலத்தில் மைதானத்தை நிரப்பியவர்களை நூறு பேருக்கு நடுவே பார்த்தால் பாவமாக இருக்காதா?

என்னைப் பற்றி இரண்டு வரி. பதினாறு வருஷம் கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார், அதாவது கீழ் ஸ்தாயிக்கான கிட்டார், வாசித்தேன். மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேரும்வரை ஒரு மணி நேரம், எல்லாமும் உண்டு. பிறகு விரல் மூட்டு ஒத்துழைக்காமல், புதுச்சேரியில் ஏழெட்டு வருஷம் சவுண்ட் வேலை பார்த்தேன். சோறு போட்டது சினிமாப் பாட்டு. ஆசை மட்டும் ராக் பக்கம்.

பாவம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் சாமி புறப்பாட்டின்போது நாலடி தள்ளி நின்று தவில் கேட்டிருப்பீர்கள். அந்த வித்வானைப் பார்த்து, ஐயோ, இவருக்கு ஸ்டேடியம் கிடைக்கவில்லையே என்று யாராவது வருத்தப்பட்டிருக்கிறோமா? தவிலை அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். வலது கையில் இருக்கும் விரல்கூடு தோலில் படும் அந்தக் கூர்மையான சத்தம் நாற்பதடிக்கு அப்பால் வேறு மாதிரி ஆகிவிடும். டிரம்ஸும் அப்படித்தான். மைதானத்தில் கேட்பது டிரம்ஸின் படம். அறையில் கேட்பதுதான் டிரம்ஸ்.

2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டன் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார்கள். எங்கள் குழுவின் டிரம்மரும் நானும் கடலூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போனோம். நான் போனதே ஸ்டீவ் ஹாரிஸின் வலது கையைப் பார்க்கத்தான். அந்த பேண்டை 1975-இல் தொடங்கியவர் அவர், பேஸ் கிட்டார். குதிரை ஓடுகிற மாதிரி அவர் வாசிக்கும் வேகத்துக்கு பிளெக்ட்ரம், அதாவது கம்பியை மீட்டும் சின்ன வில்லை, பிடித்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெறும் விரலால் வாசிக்கிறார். எப்படி என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பத்து வருஷ ஆசை.

பார்த்தேனா? திரையைப் பார்த்தேன். கேமராக்காரர் எப்போது அந்தக் கையைக் காட்டுகிறாரோ அப்போது மட்டும். அவருக்கோ பாடகர் குதிப்பதைக் காட்டத்தான் விருப்பம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து மேடை ஏறத்தாழ நூறு மீட்டர். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும், அதாவது நூறு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.3 வினாடி. நிமிஷத்துக்கு 120 தாள அடி ஓடுகிற பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை வினாடிதான். ஆகவே குச்சி ஸ்னேர் டிரம்மில் இறங்குவதைக் கண் பார்த்து, பாதி அடிக்கு மேல் கழிந்த பிறகுதான் காது கேட்கிறது. எங்கள் டிரம்மர் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டான். "பார்த்தா தாளம் தப்புதுடா" என்றான். அந்த ராத்திரியை நான் குறை சொல்லவில்லை, அது ஒரு திருவிழா. ஆனால் திருவிழாவில் சிலையின் முகம் யாருக்குத் தெரிகிறது? தேர் தெரியும், கூட்டம் தெரியும்.

இப்போது அதே ஸ்டீவ் ஹாரிஸ் விஷயத்துக்கே வருகிறேன், உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 2012-இல் பிரிட்டிஷ் லயன் என்று இன்னொரு பேண்டின் பெயரில் ஆல்பம் போட்டார். கூட இருப்பவர்கள் யாரும் உலகப் புகழ் பெற்றவர்கள் இல்லை. 2013-இலிருந்து அந்த பேண்டோடு ஐரோப்பாவின் சின்னச் சின்ன கிளப்களில் வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வருஷம் மைதானம், அடுத்த வருஷம் இரும்புக் கதவு போட்ட கிளப். அங்கே மெய்டன் பாட்டு கிடையாது. பணத்துக்காகவா? அவருக்குப் பணத்துக்கு என்ன குறை.

இதில் ருசியான இடம் பின்னால் வருகிறது. மெய்டனின் டிரம்மர் நிக்கோ மெக்பிரைனுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. தேறி வந்து வாசித்தார். 2024 டிசம்பரில், 72 வயதில், சுற்றுப்பயணம் போதும் என்று ஓய்வு அறிவித்தார். அவருடைய நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? பிரிட்டிஷ் லயனில் வாசித்துக்கொண்டிருந்த சைமன் டாசனை. கிளப்பில் பத்து வருஷம் ஹாரிஸின் பேஸோடு ஒட்டி வாசித்த ஆள், 2025-இல் அதே பேஸோடு மைதானத்துக்குப் போனார். பேஸும் டிரம்ஸும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஜாதகம் பார்த்துச் சேர்க்க முடியாது, கூட இருந்துதான் தெரியும். அந்தக் குடித்தனம் நடந்தது சின்ன அறைகளில்.

ஏன் இந்த வயதில் புதுப் பெயர் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள் என்பதற்கு நான் நினைப்பது இது. பழைய பெயர் ஒரு கடன். அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினால் ஜனங்கள் வந்து வட்டி கேட்பார்கள். கேசட்டில் இருந்த மாதிரியே வேண்டும், அதே கிட்டார் துண்டு, அதே இடத்தில் அதே கூச்சல். புதுப் பெயரில் அந்தத் தொல்லை இல்லை. தப்பு செய்யலாம். பாட்டு பிடிக்காவிட்டால் அடுத்த ஊரில் தூக்கிப் போடலாம்.

பால் மெக்கார்ட்னி செய்ததைப் பாருங்கள். பீட்டில்ஸ் உடைந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1972 பிப்ரவரியில் விங்ஸ் என்ற புது பேண்டோடு, குழந்தைகளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு, வேனில் கிளம்பி இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். முதல் இடம் நாட்டிங்ஹாம். வாசலில் வசூலான சில்லறையை வாசித்தவர்கள் பிரித்துக்கொண்டார்கள். கீபோர்டில் மனைவி லிண்டா, அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நம் ஊரில் எம்.எஸ்.வி. ஒரு நாள் வேன் ஏறி அண்ணாமலை பல்கலைக்கழக ஹாஸ்டல் வாசலில் வந்து இறங்கி, இன்றைக்கு எல்லாம் புதுப் பாட்டு என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் அதற்கும் முன்னால், 1970-இல், டெரெக் அண்ட் தி டாமினோஸ் என்று பெயரை மறைத்துக்கொண்டு இங்கிலாந்தின் கிளப்களைச் சுற்றினார். விளம்பரத்தில் தன் பெயர் வரக்கூடாது என்பது அவர் விருப்பம். 2009 ஆகஸ்டில் சிகாகோவின் மெட்ரோ என்ற கிளப்பில் தெம் குருக்கட் வல்ச்சர்ஸ் என்ற பேண்ட் முதன்முதலாக மேடை ஏறியது. பேஸ் வாசித்தவர் பழைய லெட் செப்பெலின் பேண்டின் ஜான் பால் ஜோன்ஸ், அப்போது 63 வயது. ஆல்பம் வந்தது நவம்பரில்தான். அன்றைக்கு வந்திருந்த கூட்டத்தில் ஒருவருக்கும் ஒரு பாட்டும் தெரியாது. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் வாசிப்பது ஒரு தனி சுகம். கூடப் பாட ஆள் இருக்காது, எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. ஷில்லாங்கில் கிரேட் சொசைட்டி என்ற பழைய பேண்டில் கிட்டார் வாசித்த ரூடி வாலாங், 2003-இல் டிப்ரிடி கார்பாங்கர் என்ற பாடகியோடு சோல்மேட் என்ற ப்ளூஸ் பேண்டைத் தொடங்கினார். இண்டியன் ஓஷன் பேண்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான சுஸ்மித் சென் 2013-இல் விலகினார், தன் பெயரில் ஒரு குழுவும் வைத்தார். கொச்சியின் மதர்ஜேன் பேண்டில் இருந்த பைஜு தர்மஜனும் இப்படிப் பிரிந்து வந்தவர்தான். அவருடைய கிட்டாரில் கமகம் கேட்கும், வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கொல்கத்தா பார்க் ஹோட்டலில் சம்பிளேஸ் எல்ஸ் என்று ஒரு சின்ன பப், 70-களிலேயே வாசிக்கத் தொடங்கிய நந்தன் பாக்சி, லூ ஹில்ட் போன்றவர்கள் அங்கே ஹிப் பாக்கெட் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வாசித்தார்கள். சென்னையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள்: ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் பேண்டைத் தொடங்கி நடத்தியவர்.

சரி, பெயர்கள் போதும். அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால், புதுச்சேரியில், பெரிய வாய்க்காலைத் தாண்டி ஒயிட் டவுன் பக்கம், ஒரு பழைய வீட்டின் மாடியில் நான் சவுண்டு பார்த்த ஒரு ராத்திரி. வாசித்தவர்களில் கிட்டாரிஸ்டும் டிரம்மரும் உங்கள் ஆட்களைப் போலத்தான், ஒரு காலத்தில் கல்லூரி விழாக்களில் பெரிய பெயர். பெயரைச் சொல்லமாட்டேன். கூட்டம் 40 பேர்தான் என்று நான் எழுதியது தெரிந்தால் வருத்தப்படுவார்கள். அந்த நாற்பதிலும் பத்துப் பேர் ஏதோ பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள், கேக் டப்பாவோடு. பாடகனும் பேஸ் வாசித்த பையனும் கீபோர்டு பெண்ணும் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள்.

டிரம்மர் வந்து உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து கிட்டப்பார்வைக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பாட்டு வரிசையை தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் மார்க்கரால் பெரிது பெரிதாக எழுதி, ஒவ்வொன்றாகத் தரையில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார். ஒரு தாளில் ராகு காலம் மேலே தெரிந்தது.

கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கில் நான் ஒரு தப்பு செய்தேன். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று டிரம்ஸுக்கு மட்டும் ஐந்து மைக் போட்டேன். காலி அறையில் எல்லாம் பளிச்சென்று கேட்டது. கூட்டம் வந்ததும் கதை மாறிவிட்டது. மனித உடம்பும் உடுப்பும் மேல் ஸ்தாயியை உறிஞ்சிவிடும், கீழ் ஸ்தாயியை விட்டுவிடும். முதல் பாட்டில் காலால் அடிக்கும் கிக் டிரம் கும்கும் என்று அறையின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது, பேஸ் எது கிக் எது என்று பிரிக்க முடியவில்லை. பாடகனின் குரலைத் தூக்கினால், வாசிப்பவர்கள் கேட்பதற்காக மேடையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் மைக் கூவுகிறது. வியர்த்துவிட்டது எனக்கு.

முதல் பாட்டு முடிந்ததும் டிரம்மர் என்னைக் கையால் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனேன். "தம்பி, இந்த ரூமுக்கு எனக்கு எதுக்கு மைக்கு? எல்லாத்தையும் அணைச்சிடு. குரலுக்கு மட்டும் வெச்சுக்க" என்றார். அணைத்தேன். கிட்டாரிஸ்ட் அதற்குள் தன் ஆம்ப்பை, அதாவது கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியை, தரையில் திருப்பி, ஜனங்களை நோக்கி இருந்ததைப் பக்கவாட்டில் டிரம்மரை நோக்கி வைத்து, சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இரண்டாவது பாட்டில் அறை தெளிந்துவிட்டது. மழை விட்ட மாதிரி. கீபோர்டு பெண் வாசிப்பது முதன்முதலாகக் காதில் விழுந்தது.

இளம் பேண்டுகளிடம் இதை நான் பார்த்ததே இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நானும் அந்த வயதில் அப்படித்தான். சின்ன அறையில் பெரிய மேடை மாதிரி வாசிப்பார்கள். சத்தத்தை ஏற்றத்தான் எல்லாருக்கும் தெரியும். அறையின் அளவுக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு, ஆனால் வேகமும் கோபமும் குறையாமல் வாசிப்பதற்கு முப்பது வருஷம் ஆகிறது போலிருக்கிறது. குச்சியை உயரத் தூக்காமல், மணிக்கட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

மூன்றாவது பாட்டில் நடந்ததுதான் நான் உங்களைப் போகச் சொல்வதற்குக் காரணம். நடுவில் எட்டு பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) கிட்டார் துண்டு, அது முடிந்ததும் பாடகன் எடுக்க வேண்டும். பையன் பதற்றத்தில் இரண்டு பார் முந்தி எடுத்துவிட்டான். எங்கள் குழுவில் இதற்கு 'பாட்டு கவிழ்ந்துவிட்டது' என்போம். கீபோர்டு ஒரு பக்கம், பாடகர் ஒரு பக்கம், டிரம்மர் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ரோல் அடித்து ஒப்பேற்றுவார், கடைசியில் எல்லாரும் பல்லவியில் போய் மூச்சு வாங்கிக்கொண்டு சேருவோம். திருவிழாக் கூட்டம் விசில் அடிக்கும்.

இங்கே என்ன ஆயிற்றென்றால், டிரம்மர் கிட்டாரிஸ்டைப் பார்த்தார். முகவாய் ஒரு அரை அங்குலம் மேலே போயிற்று. கிட்டாரிஸ்ட் வாசித்துக்கொண்டிருந்த சொற்றொடரைப் பாதியில் விட்டு, அடுத்த கார்டுக்கு, அதாவது அடுத்த கூட்டுச் சுரத்துக்கு, வந்து நின்றார். பேஸ் பையன் மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே இருந்தான். டிரம்மர் இடது காலால் ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டை ஒரே ஒரு முறை அழுத்தமாக மூடினார், அவன் நிமிர்ந்து பார்த்தான், வந்து சேர்ந்துவிட்டான். மொத்தம் இரண்டு வினாடி இருக்கும். இரண்டு பாரை முழுங்கிவிட்டார்கள். பாடகனுக்கே தான் தப்பு செய்தது தெரியாது. ஜனங்கள் பாட்டுக்குக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி சவுண்ட் மிக்ஸரை மூட்டை கட்டும்போது டிரம்மர் என்னிடம் வந்து, "மூணாவது பாட்டுல தெரிஞ்சுதா?" என்று கேட்டார். தெரிந்தது சார் என்றேன். "அப்ப நீ வாசிச்சவன்" என்று சொல்லிவிட்டுச் சிம்பல் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த இரண்டு பட்டங்களில் இது ஒன்று. இன்னொன்று பி.காம்.

இது எதுவும் பேலஸ் கிரவுண்ட்ஸில் தெரிந்திருக்காது. முகவாய் அசைந்ததைக் கேமரா காட்டாது. அதனால்தான் பழைய பாட்டு வருமா என்பதைப் பற்றி நான் அலட்டிக்கொள்வதில்லை. பழைய பாட்டை அவர்கள் தூக்கத்திலும் வாசிப்பார்கள். புதுப் பாட்டில்தான் விழித்திருக்க வேண்டும், அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் பார்க்கப் போவதும் அந்தப் பார்வையைத்தான்.

வயதைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்ததாக நினைக்காதீர்கள். குரல் இறங்கியிருக்கும். கேசட்டில் கேட்டதைவிட அரைக் கட்டை, ஒரு கட்டை கீழே பாடுவார்கள். கிட்டாரையே அரைக் கட்டை இறக்கிச் சுருதி கூட்டி வைத்திருப்பார்கள், அதில் கம்பியும் சற்றுத் தளரும், விரலுக்கும் இதம். டீப் பர்ப்பிள் என்ற பேண்டின் பாடகர் இயன் கில்லன், இளமையில் உச்சத்தில் அலறிப் பாடிப் பேர் வாங்கிய பாட்டையே மேடையில் பாடுவதை விட்டுவிட்டார். அது அவருடைய மரியாதை. நம் பக்கம் சீர்காழி, டி.எம்.எஸ். எல்லாரையும் அந்தந்த வயதின் குரலோடுதானே கேட்டோம்? கிட்டார் துண்டுகளும் குட்டையாகியிருக்கும். முன்னே அறுபது சுரம் அடித்த இடத்தில் பன்னிரண்டு வரும். அந்தப் பன்னிரண்டைக் கவனியுங்கள்.

காதும் போயிருக்கலாம். ஏசி/டிசி என்ற பேண்டின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல் காது முழுதாகப் போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்துச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார். இதிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: நுரை காதடைப்பான் ஒரு ஜோடி, மருந்துக் கடையில் கிடைக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். அப்படியே ஏறிப்போனால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். மைக்கே இல்லாமல் ஒரு டிரம்ஸ் செட் அறையில் சுலபமாக அந்த 100-ஐத் தொடும். வெட்கப்படாதீர்கள், மேடையில் இருப்பவர்களே மாட்டியிருப்பார்கள்.

எங்கே நிற்பது? நடுவில், முன்வரிசையில் என்று எல்லாரும் முட்டுவார்கள். அங்கே பாடகரின் செருப்பு நன்றாகத் தெரியும். ஸ்பீக்கர் இரண்டும் உங்களைத் தாண்டிப் பின்னால் உள்ளவர்களைப் பார்த்து இருப்பதால் குரல் மட்டும் சரியாகக் கேட்காது. நான் சொல்கிற இடம், டிரம்மரின் ஹை-ஹேட் பக்கம், மேடையிலிருந்து பத்துப் பன்னிரண்டடி. பெரும்பாலும் பேஸ்காரரும் அந்தப் பக்கமாகத்தான் நிற்பார், இருவர் கண்ணும் சந்திப்பது தெரியும். பேஸ் காதில் தனியாக விழவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இளையராஜா பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுக்குப் பேஸைத் தேடிப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சவுண்ட்காரர் உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு முன்னால் நின்றால் கேட்பது சுத்தமாக இருக்கும், அவர் தன் காதுக்குத்தானே சரிசெய்கிறார். ஆனால் பார்ப்பது குறையும். நானாக இருந்தால் முதல் பாதி ஹை-ஹேட் பக்கம், இரண்டாம் பாதி இந்த மேஜைக்கு முன்னால்.

நேரத்துக்குப் போங்கள். மொட்டைமாடி, முற்றம் மாதிரித் திறந்த இடமென்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி அது. அதனால் எட்டு என்றால் எட்டேகாலுக்காவது தொடங்கிவிடுவார்கள். மூடிய அறைக்கு அந்த விதியில் விலக்கு இருப்பதால் அங்கே இழுத்துக்கொண்டே போகும். எப்படியானாலும் சவுண்ட் செக் முடியும் நேரத்தில் போனால் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நிற்கிற கிட்டாரிஸ்ட் ஒரு வார்த்தை பேசக்கூடும்.

திரும்பி வருவது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடலூர் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், பகலில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் அதை நம்பி இருக்காதீர்கள், கடைசிப் பாட்டில் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. வண்டியில் போவதானால் ஒருத்தர் குடிக்காமல் இருக்க வேண்டும். மது பாட்டில் எதையும் பையில் வைத்துக்கொண்டு வராதீர்கள், ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் விடிய விடிய நிற்க நேரும். தங்க முடிந்தால் தங்கிவிடுங்கள். விடிகாலையில் ராக் பீச்சில் நடக்கலாம். (பாறை கொட்டிவைத்த பீச் என்பதால் அந்தப் பெயர். பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன் இங்கே தினமும் கச்சேரி நடக்குமா என்று என்னிடம் கேட்டிருக்கிறான்.) செலவு செய்யப் பயமாக இருந்தால் ஜூன் 21 அன்று வாருங்கள். பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசைத் திருநாளைப் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள், டிக்கெட் இல்லாமலே கேட்கலாம். அதில் காதைப் பழக்கிக்கொண்டு கிளப்புக்குப் போவது இன்னும் நல்லது.

இன்னும் ஒன்றிரண்டு. நடுவில் பழைய பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள். கத்துகிறவன் ஒருத்தன் எப்படியும் இருப்பான், அவனோடு சேராதீர்கள். கிட்டார் கம்பியை அவர்கள் அடிக்கடி சுருதி பார்ப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏசி குளிரில் கம்பி இறுகி சுருதி ஏறும், விளக்குச் சூட்டில் தளர்ந்து இறங்கும், கடல் காற்று போதாக்குறைக்குத் துருவைக் கொண்டுவந்து சேர்க்கும். செல்போனில் ஒரு நிமிஷம் எடுத்துவிட்டுப் பையில் போடுங்கள். அந்தச் சத்தத்தில் போன் மைக் கரகரவென்று பிடிக்கும், வீட்டில் வந்து ஒருநாளும் கேட்கமாட்டீர்கள்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே போன் பண்ணி ஒரு நாற்காலி கேட்டால் போடுவார்கள், கூச்சப்பட வேண்டாம். கேசட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கலாம், ஆனால் வாசித்து முடித்த கையோடு போய் நிற்காதீர்கள். கேபிள் சுருட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் சுருள் தவறும், மறுநாள் ஊரில் சிக்கெடுத்துக்கொண்டு உங்களைத் திட்டுவார். சுருட்டி முடித்து, முகம் கழுவிவிட்டு வரட்டும். பால்பாயிண்ட் பேனா கேசட் டப்பாவில் எழுதாது. மார்க்கர் கொண்டு போங்கள், உள்ளே இருக்கும் அட்டையை உருவிக் கொடுங்கள், மை காயும்வரை மூடாதீர்கள்.